நீர்த்துளியின் மகுடம்

மழை ஓய்ந்தபின் கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பால்மரக் காட்டில் உழைத்த பெற்றோர்களோ மங்கில் பால் சொட்டுச் சொட்டாய் விழுவதை நாள்தோறும் கண்டவர்கள். ஆயினும், துளி விழும் அந்தக் கணத்தில் என்ன நிகழ்கிறது என்பதை வெறுங்கண் அறியாது. நிழற்படக் கருவியின் துணையால் அதனை வீட்டிலேயே காணலாம் என்பதைப் பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு செய்து பார்த்து அறிந்தோம்.

இதற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. அகன்ற தட்டில் நீர் நிரப்பி, துளி நன்கு தெரியும் பொருட்டுச் சிறிது பாலும் கலந்தோம். அதற்கு மேலே 40 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நெகிழிப் பையில் நீரை நிரப்பித் தொங்கவிட்டு, அதன் அடியில் ஊசியால் துளையிட்டோம். துளி விழும் இடத்தில் பென்சிலை நிறுத்தி, அதன் முனை தெளிவாகத் தெரியும்படி கருவியைச் சரிசெய்தபின் பென்சிலை எடுத்துவிட்டோம்.

அவ்வுயரத்திலிருந்து விழும் துளி, நீரைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் வேகத்தில் வருகிறது. அஃதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியிலேயே 2.8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படமும் மங்கிவிடும். ஆகவே அறையை இருட்டாக்கி, பிளாஷ் விளக்கின் சக்தியைக் குறைத்து வைத்தோம். சக்தி குறையக் குறைய அதன் ஒளி நிலைக்கும் நேரமும் குறையும். அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடியானால், துளி 0.3 மில்லிமீட்டர்கூட நகராது. விளக்கின் மீது நீர் படாமல் காத்தல் மிக இன்றியமையாதது.

பெரும்பாலான படங்களில் வெறும் நீர்ப்பரப்பே இருந்தது. பொறுமையோடு தொடர்ந்தபோது வியப்பான காட்சிகள் கிட்டின. துளி விழுந்ததும் நீர் மெல்லிய சுவராய் எழுந்து, விளிம்பில் முத்துகள் பதித்த மகுடமாய் விரிந்தது. பின்னர் நடுவில் ஒரு பள்ளம் உண்டாகி, அதிலிருந்து நீர்த்தூண் ஒன்று மேலெழுந்தது. அதன் உச்சியில் சிறு துளி ஒன்று உருண்டு நின்றது. அதனை அவ்வாறு உருட்டித் தருவது நீரின் பரப்பு இழுவிசையே.

ஆனால், மகுடங்கள் யாவும் அழகாய் அமையவில்லை. சில சாய்ந்திருந்தன, சில ஒரு பக்கம் உடைந்திருந்தன. கோணலானவற்றை அழித்துவிடலாமா என்று எங்கள் இளைய மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஓர் அறிஞரின் வரலாற்றைக் கூறினோம்.

ஆர்தர் வொர்திங்டன் என்னும் ஆங்கில இயற்பியலாளர் 1870களில் இதே ஆய்வில் இறங்கினார். இருட்டறையில் மின்பொறியின் ஒளி தோன்றி மறையும் கணத்தில் தம் கண்ணில் பதிந்ததைக் கையால் வரைந்தார். அவர் வெளியிட்ட ஓவியங்களில் சிதறல்கள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தன. 1894ஆம் ஆண்டளவில் நிழற்படம் எடுத்தபோதோ, உண்மையான சிதறல்கள் அத்துணைச் சீராக இல்லை! கோணலான உருவங்களைத் தாம் முன்னரே கண்டிருந்தும், அவற்றைத் தற்செயலானவை என்று ஒதுக்கிவிட்டதை அவர் உணர்ந்தார். அதனை மறைக்காமல் எழுதியதோடு, 1908இல் வெளியிட்ட நூலில் நிழற்படங்களையே சான்றாகத் தந்தார். மனம் விரும்பியதையே கண்ணும் கண்டது என்பதை ஒப்புக்கொள்ள எவ்வளவு நேர்மை வேண்டும்!

இதைக் கேட்ட மகள் ஒரு படத்தையும் அழிக்கவில்லை. கோணல் மகுடங்களுக்கும் நாளும் நேரமும் எழுதி ஏட்டில் ஒட்டினாள்.

மாணவச் செல்வங்களே! அறிவியல் பாடத்தில் நீங்கள் செய்யும் சோதனை சில வேளைகளில் புத்தகத்தில் உள்ளவாறு அமையாது. அப்போது தோழனின் ஏட்டைப் பார்த்து விடையை மாற்றி எழுதாதீர்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். ஏன் அவ்வாறாயிற்று என்று ஆசிரியரிடம் கேளுங்கள். “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. தீர விசாரிப்போர்க்குக் கோணல் மகுடமும் பாடம் சொல்லும்.