தஞ்சைத் தரணியின் பனிக்கால அடுப்புகள்

தஞ்சைத் தரணி என்றதும் நம்மவர் நாவில் முதலில் வந்து நிற்பவை பிரியாணியும் நெய்ச்சோறும் கறி போட்ட தாளிச்சாவுமே. இப்பகுதியில் விருந்துண்டு திரும்பும் வெளியூர்க்காரர் எவரும் அவற்றைப் பற்றியே பேசுவர். ஆனால் மார்கழி, தை மாதங்களில் ஐயம்பேட்டையிலிருந்து அதிராம்பட்டினம் வரை ஒருமுறை சுற்றிவந்து, விருந்தில்லாத ஒரு சாதாரண நாளில் நம் இல்லங்களின் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்ப்பவர்க்கு வேறொரு சமையல் புலப்படும். அதில் இறைச்சி இல்லை, மீன் இல்லை, பாலும் தயிரும் நெய்யும்கூட இல்லை. அரிசி, பயறு, கிழங்கு, தேங்காய், புளி, பூண்டு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. விருந்தாளி வந்தால் நம் பெண்மக்கள் சற்றுக் கூச்சத்துடன் மூடிவைக்கும் அந்தச் சமையலைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

குளிர்காலம் என்ற சொல்லைக் கேட்டுக் காஷ்மீரத்தை எண்ணிவிட வேண்டாம். தஞ்சையில் தை மாத விடியலிலும் வெப்பமானி பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். இங்குள்ள குளிர் ஈரத்தின் குளிர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலும் வாசலும் சுவரும் ஊறிக்கிடக்கும். மழை விட்டதும் பனி இறங்கும். பழந்தமிழர் இக்காலத்தைக் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றாகப் பகுத்தது வீணன்று. மேலை நாட்டார் தம் கடுங்குளிரைக் கொழுப்பால் வென்றனர். நம் படுகையினர் மூட்டிலும் நெஞ்சிலும் தங்கும் ஈரத்தை மிளகாலும் பூண்டாலும் இஞ்சியாலும் வெந்தயத்தாலும் வெல்கின்றனர். ஆகவே இங்கே நெய்யின் தேவை குறைவு.

தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் தொடர்வண்டி ஐயம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம் எனச் சிற்றூர்களைத் தொட்டுச் செல்கிறது. சக்கராப்பள்ளி, வழுத்தூர், இராஜகிரி என்று பள்ளிவாசல் மினாராக்கள் வயல்களுக்கு நடுவே தலைநீட்டும் ஊர்கள் இவ்வழியெங்கும் உண்டு. மார்கழியில் இருபுறமும் சம்பா கதிர் பிடித்துத் தலைசாய்ந்து நிற்கும். இவ்வூர்களின் காலைப் பசியாறலில் உளுந்தங்கஞ்சிக்கு உரிய இடம் உண்டு. தோல் நீக்காத கறுப்பு உளுந்து ஒரு பங்கு, பச்சரிசி இரண்டு பங்கு, கொஞ்சம் வெந்தயம், உரித்த பூண்டுப் பற்கள் ஒரு கைப்பிடி. இவற்றைக் குழைய வேகவைத்து, இறக்கும்போது கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப் பாலும் சேர்ப்பர். இனிப்பு வேண்டாதார் கருப்பட்டியை விட்டு உப்பிட்டு, துவையலைத் தொட்டுக் குடிப்பர். இடுப்புக்கு வலு என்று பாட்டிமார் சொல்வதை மருத்துவர் எவ்வளவு ஏற்பாரோ அறியேன். வயிற்றுக்கு இதம் என்பதில் ஐயமில்லை.

கும்பகோணம் சென்று இறங்குவோர் தவறவிடக் கூடாத ஒன்று கடப்பா. ஆந்திரத்துக் கடப்பைக் கல்லுக்கும் இதற்கும் உறவு தேடவேண்டாம். இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ளும் ஒரு குழம்பு இது. வெந்த பாசிப்பருப்பில் வேகவைத்து உதிர்த்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் பட்டையும் தாளித்துக் கொட்டி, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா அரைத்த விழுதைக் கரைத்து, ஒரு கொதி வந்ததும் எலுமிச்சை பிழிந்து இறக்கிவிடுவர். கெட்டியான வெண்மஞ்சள் குழம்பு. பனி விலகாத காலையில் உணவகத்து வாழை இலையில் இட்டிலியின் மேல் இதை ஊற்றக் காண்பதே ஒரு சுகம். பாலாடை சேர்த்த குருமாவைவிட இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று; என் மட்டில் ஒருபடி மேல் என்றே சொல்வேன்.

அடுப்பைப் பார்த்தது போதும். அதில் வேகும் பருப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்றுப் பார்ப்போம். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது அதன் மரபு. அந்த நீரில் குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும். தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது, நிற்கும் கதிர்களுக்கு இடையிலேயே, கால் புதையும் ஈரச்சேற்றில், உளுந்தையும் பயறையும் கையால் தெளித்துவிடுவர். உழவில்லை, நீர்ப்பாய்ச்சலில்லை. நெல் அறுபடும்போது அடியில் பயறு முளைத்திருக்கும். நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் மட்டுமே குடித்து அது வளர்ந்து, பங்குனி, சித்திரையில் காய்க்கும். அரிசி தந்த நிலமே அரிசிக்குத் துணையான பருப்பையும் தந்துவிடுகிறது. பயறின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தையும் விட்டுச் செல்கிறது. அடுத்த மார்கழியில் கஞ்சியில் வேகும் உளுந்து அதுவே. 1922-இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், நெல்லோடு நில்லாமல் இத்தரிசுப் பயறுக்கென்றே தனி இரகங்களையும் வெளியிட்டுள்ளது.

இந்த ஒழுங்கு இப்பொழுது தளர்ந்து வருகிறது. கையரிவாள் அறுத்த காலத்தில் முளைக்குக் கேடில்லை. அறுவடை இயந்திரம் இறங்கும் வயலில், அதன் சக்கரத்தடம் பட்ட இடமெல்லாம் இளம்பயறு நசுங்கிப்போகிறது. ஆள் கிடைக்காத உழவர் இயந்திரத்தை விடவும் இயலாது. அணை திறப்பது பிந்தினால் சம்பா பிந்தும். சம்பா பிந்தினால் பயறுக்கு வேண்டிய ஈரமும் பனியும் தப்பிவிடும். 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட ஜூன் 12-இல் அணை திறக்க இயலவில்லை. 2020-இல்தான் அந்நாள் மீண்டும் வாய்த்தது. பருவம் தவறிய மழை மற்றொரு பகை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்தது. தெளித்த பயறும் அழுகியது. அவ்வாண்டுகளில் இல்லத்தரசியர் சந்தையில் வேற்று மாநில உளுந்தை வாங்கியே கஞ்சி வைத்தனர். சுவையில் பெரிய வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஊரே விளைவித்து ஊரே உண்ட ஓர் உணவு, பணம் கொடுத்து வாங்கும் உணவாகிவிடுகிறது. எளியோர் வீட்டில் அந்த வேறுபாடு பெரிது.

திருவாரூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் உள்ளது கூத்தாநல்லூர். மலேயா, சிங்கப்பூர் என்று கடல்கடந்து வணிகம் செய்தோரின் ஊர். 'சின்ன சிங்கப்பூர்' என்ற செல்லப்பெயரும் அதற்கு உண்டு. பெரிய வீடுகள், பெரிய விருந்துகள். எனினும் இவ்வூர் உட்படப் படுகையின் எல்லா ஊர்களிலும் ரமலானில் செல்வரும் வறியரும் ஒரே சட்டியிலிருந்து குடிக்கும் உணவு நோன்புக் கஞ்சியே. வீடுகளில் கைமா சேர்ப்போர் உண்டு. பள்ளிவாசல் அண்டாவிலோ பல ஊர்களில் கறி சேராத கஞ்சிதான் காய்ச்சப்படுகிறது. அஸருக்குப் பின் தூக்குச்சட்டியுடன் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் மாற்றுச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பர். பொங்கலன்று அவர்கள் வீட்டுக் காயும் கிழங்கும் கலந்த குழம்பு நம் வீட்டுக்கு வருவதும், ரமலானில் நம் கஞ்சி அவர்கள் வீட்டுக்குப் போவதும் இங்கே எவரும் வியந்து பேசாத வழக்கம். சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலும் இதே கஞ்சி மணக்கிறது.

ஆறு பேருக்குரிய கறி சேராத கஞ்சியின் அளவை இங்கே தருகிறேன். பச்சரிசி நொய் இரண்டு ஆழாக்கு, லேசாக வறுத்த பாசிப்பருப்பு அரை ஆழாக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இவற்றைக் களைந்து அரைமணி ஊறவைக்கவும். அடிகனமான சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றிப் பட்டை, கிராம்பு பொரிந்ததும் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பன்னிரண்டு பல், இஞ்சி விழுது, பச்சை மிளகாய், தக்காளி இரண்டு, புதினா, மல்லி என்று ஒவ்வொன்றாக வதக்கவும். பதினான்கு ஆழாக்கு நீர் ஊற்றிக் கொதி வந்ததும் ஊறியதைப் போட்டு, தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டிருக்கவும். நொய் உருத்தெரியாமல் குழைந்தபின் உப்பும் அரைமூடித் தேங்காயின் இரண்டாம் பாலும் சேர்க்கவும். தலைப்பால் இறக்கியபின்தான், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். நெய் ஊற்றும் வழக்கமுடையோர் ஒருமுறை அதை விட்டுக் குடித்துப் பார்க்கட்டும். புதினாவும் வெந்தயமும் அப்பொழுதுதான் தெளிவாகத் தெரியும்.

கஞ்சியை ஏழ்மையின் அடையாளமாக எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. துயருற்றோர்க்கும் நோயாளிக்கும் தல்பீனா என்னும் மாவுக்கஞ்சியைக் காய்ச்சித் தரும்படி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லிவந்ததும், அது உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அவர்கள் எடுத்துரைத்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. பாலுக்கு அரபியில் லபன் என்று பெயர். பாலைப் போன்ற வெண்மையால் அக்கஞ்சிக்குத் தல்பீனா என்ற பெயர் வந்தது என்பர். மிஸ்ரு நாட்டார் இரவெல்லாம் சிறுதீயில் அவித்த அவரையினக் கொட்டையை எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து அன்றாடம் காலையில் உண்கின்றனர். 'ஃபூல்' என்பது அதன் பெயர். நம் மொச்சைக்கு அது தூரத்து உறவு.

மொச்சை என்றதும் நினைவுக்கு வருவது தை மாதத்துச் சந்தை. வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கத்து மேட்டுநிலங்களிலிருந்து பச்சை மொச்சையும் அவரையும் வள்ளிக்கிழங்கும் வந்து குவியும். மொச்சையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி, கத்தரிக்காயுடன் புளியும் தேங்காயும் கூட்டி வைக்கும் ஆணம், சுடுசோற்றுக்கு வேறெதையும் கேட்காது. மறுநாள் காலையில் அதன் சுவை கூடியிருக்கும். கருணைக்கிழங்கைப் புளிநீரில் அவித்து மசித்தும், நீர்க்கப் புளியாணம் வைத்தும் மழைநாளின் உணவு முடிந்துவிடும்.

திருத்துறைப்பூண்டிக்கு வந்தால் அரிசியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் இரகங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தேடிச் சேர்த்து உழவர்க்கு வழங்கியவர் நெல் ஜெயராமன். 2018 டிசம்பர் 6-இல் மறைந்தார். அவரை இப்பணியில் ஊக்கிய நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-இல், பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் காலமானார். இருவரும் மறைந்தது மார்கழியை ஒட்டிய நாட்களில், கதிர் முற்றும் பருவத்தில். இன்று மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி அரிசிகள் நகரத்துக் கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கின்றன. மாப்பிள்ளைச் சம்பாவை முதல்நாள் இரவே ஊறவைத்துக் காய்ச்சினால் கஞ்சி செந்நிறமாகக் கெட்டிப்பட்டு நெடுநேரம் பசி தாங்கும். நெல்லை விளைவித்த வீட்டில் அது அரிதாகவும் வாங்குவோர் வீட்டில் மிகுதியாகவும் உண்ணப்படுவது இக்காலத்து விந்தை.

அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று கரையோரம் செல்லச்செல்ல வயல் குறைந்து தென்னை மிகும். பாலும் தயிரும் செய்யவேண்டிய வேலையெல்லாம் இவ்வூர்ச் சமையலில் தேங்காய்ப்பால் செய்கிறது. தேங்காய்ப்பால் சோறு, பருப்பாணம், இடியப்பத்துக்கு ஊற்றும் பால் என அனைத்தும் அதிலேதான். 2018 நவம்பர் 16-இன் பின்னிரவில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. முகாம்களில் நிவாரண அரிசியும் பருப்பும் கஞ்சியாயின. தேங்காயால் சமைத்த ஊர் தேங்காயை விலைக்கு வாங்கிற்று. தென்னங்கன்று நன்கு காய்க்க ஐந்தாறு ஆண்டுகளேனும் ஆகும். புயலுக்குப் பின் நட்ட கன்றுகளில் பிழைத்தவை இப்பொழுதுதான் பாளை விட்டுக் காய்த்து வருகின்றன.

அடுத்து வரும் சில ஆண்டுகளில் ரமலான் மீண்டும் பனிக்காலத்துக்குத் திரும்புகிறது. 1990-களின் இறுதியில் மார்கழியிலும் தையிலும் நோன்பு வைத்தோர்க்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். 2030-இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மற்றொருமுறையும் ரமலான் பிறக்க இருக்கிறது. சம்பா கதிருக்கும் தெளித்த உளுந்துக்கும் இடையே, மஃரிபின் ஈரக்காற்றில் கஞ்சி குடிக்கும் பேறு அப்பொழுது வாய்க்கும், இன்ஷா அல்லாஹ்.

அதுவரை, இப்பருவத்தில் கரையோரம் செல்வோர் வேதாரண்யம் பேருந்து நிலையத்தருகே கட்டுக்கட்டாக விற்கும் பனங்கிழங்கை வாங்காமல் திரும்ப வேண்டாம். மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, நடுத்தண்டையும் நாரையும் நீக்கி, பச்சை மிளகாய், பூண்டு, தேங்காய்த்துருவலுடன் உரலில் இடித்து உருண்டையாகப் பிடித்தால் இரண்டு உருண்டை ஒருவேளைக்குப் போதும். யாழ்ப்பாணத்தார் இக்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்து ஒடியல் என்று சேமிப்பர். மார்கழிக் கிழங்கே நல்லது. மாசி பிறந்துவிட்டால் நார் முற்றிவிடும்.