கஞ்ச் பேட்டையில் ஓர் ஓட்டு வீடு

அம்மா ஊரிலிருந்து வந்தால் காட்டுவதற்கென்று புனேயில் ஒரு வரிசை உண்டு: சனிவார் வாடா, ஆகா கான் அரண்மனை, தகடூசேட் கணபதி. இந்த முறை அதையெல்லாம் விட்டுவிட்டு, நவம்பர் 28 அன்று அவளைக் கஞ்ச் பேட்டைக்குக் கூட்டிப்போனேன். சாதிக்கும் பெண்ணடிமைக்கும் எதிராகப் போராடிய ஜோதிராவ் பூலே இறந்த நாள் அது. அவர் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. சந்துக்குள் ஆட்டோ வராது என்று முனையிலேயே இறக்கிவிட்டார்கள். தெருவோரத்தில் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்களுக்குப் பின்னால் நாங்களும் உள்ளே போனோம்.

"இதா அந்த வீடு? நம்ம ஆச்சி வீடு மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா.

அவள் சொன்னது சரிதான். ஓட்டுச் சாய்ப்பு, மரத்தூண், தாழ்வாரம், திறந்த முற்றம். திருநெல்வேலிப் பக்கம் இரண்டு கட்டு வீடு, மூன்று கட்டு வீடு என்போமே, மராட்டியர்களின் வாடாவும் அதே கணக்குத்தான். முற்றத்தை அவர்கள் சவுக் என்கிறார்கள். தாழ்வாரத்தை ஓசரி என்கிறார்கள். கருங்கல் அடிமானம், அதன்மேல் மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே செங்கல். இரண்டு தூணுக்கு இடைப்பட்ட இடம் ஒரு 'கண்'. பாலத்துக்கு நாம் கண் சொல்வதில்லையா, அதுபோல. பேஷ்வாக்களும் சர்தார்களும் கட்டிய வாடாக்களில் தூணுக்குத் தூண் மர வேலைப்பாடு இழையும். 1732இல் எழுந்த சனிவார் வாடா 1828இல் எரிந்துபோய், இன்று மதிலும் அடித்தளமுமாக நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் கூட்டம். கஞ்ச் பேட்டை வீட்டில் செதுக்கல் என்று நின்று பார்க்க எதுவும் இல்லை. சிற்பத்தை வைத்து மதிப்பிட்டால் இந்த வீடு எந்தப் பட்டியலிலும் வராது.

ஆனால் முற்றம் வைத்த வீடு வெயிலுக்கும் காற்றுக்கும் மட்டும் கட்டப்பட்டதில்லை. திண்ணைவரை யார், தாழ்வாரம்வரை யார், அடுக்களைவரை யார், கிணற்றடிக்கு யார் என்று பிரித்து வைப்பதற்காகவும் கட்டப்பட்டது. அந்த வீடுகளில் வளர்ந்த நமக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூலேயின் வீடும் அதே அச்சில் வார்த்ததுதான். அதற்குள் அவரும் அவர் மனைவி சாவித்திரிபாயும் செய்தது நேர் எதிரானது. இந்த வீட்டின் கட்டடக்கலைச் சிறப்பு அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இந்த வீட்டுக் கிணற்றைச் சொல்ல வேண்டும். பேஷ்வா காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில், காத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது பேட்டைகளில் ஆங்காங்கே கல் தொட்டிகளில் விழும். பொறியியலாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் அந்தத் தண்ணீரை, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தொடக்கூடாது என்றிருந்தது. 1868இல் பூலே தம் வீட்டுத் தண்ணீரை அவர்களுக்குத் திறந்துவிட்டார். சில நூல்கள் தொட்டி என்கின்றன. இன்று நமக்குக் காட்டுவது இந்தக் கிணற்றை. அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தது 1927இல். அதற்கு 59 வருஷம் முன்னால் நடந்தது இது. புத்தர், கபீர், பூலே மூவரையும் தம் குருமார்கள் என்று அம்பேத்கர் சொன்னதற்குப் பின்னால் இந்தத் தண்ணீரும் இருக்கிறது. பூலே தண்ணீரைத் திறந்துவிட்டு நூறு வருஷம் கழித்தும், 1970களில், புனேக்காரரான பாபா ஆடவ் 'ஒரு ஊர், ஒரே நீர்நிலை' என்று ஊர் ஊராகப் போய் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

கிணற்றருகே அம்மா வெகுநேரம் நின்றாள். பிறகு, கேட்காமலேயே சொன்னாள். "ஆச்சி வீட்டுக் கிணத்தடிக்கு வெளிய ஒருத்தி குடத்தோட வந்து நிப்பா. எறைக்க யாராவது வருத வரைக்கும் நிப்பா. நான்தான் ஊத்துவேன், எட்டு ஒம்பது வயசிருக்கும். நம்ம குடம் அவ குடத்துல பட்டுரக்கூடாதுன்னு தூக்கி ஊத்தணும்." இடுப்பிலிருந்து நெஞ்சுவரை கையை உயர்த்திக் காட்டினாள். "இவ்ளோ ஒசரம். பாதித் தண்ணி தரையில போவும்."

என் ஐம்பது வயதில் இதை அவள் வாயிலிருந்து கேட்பது அதுவே முதல் முறை.

இந்த வீட்டில் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னால் நம்புவது கடினம். விதவையாகிக் கருவுற்ற பெண்கள் பிள்ளையைக் கொன்றுவிடாமல் மறைவாகப் பெற்றுக்கொள்ள 1863இல் தொடங்கிய இல்லம். அங்கே ஒரு பிராமண விதவை பெற்ற குழந்தையை 1874இல் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு, மருத்துவராக்கினார்கள். 1888இல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபின் பூலே இடது கையால் எழுதிய கடைசி நூல், அவர் இறந்தபிறகு 1891இல் வெளிவந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூலே ஏழை அல்லர். மாஞ்சரியில் நிலம் வைத்திருந்தார். ஒப்பந்தக்காரராகவும் இருந்தார், முளா-முட்டா ஆற்றில் அணை கட்டக் கட்டுமானப் பொருள்களை வழங்கினார், காத்ரஜ் சுரங்கவழிக்கும் எரவாடாச் சிறைக்கும் ஆள் தரும் ஒப்பந்தம் எடுத்தார். கல்லும் சுண்ணாம்பும் கைவசம் இருந்த மனிதர் தமக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஓட்டு வீட்டைத்தான். அந்த எரவாடாச் சிறையில்தான் 1932 செப்டம்பர் 24 அன்று, தலித்துகளின் பிரதிநிதித்துவம் பற்றிய புனே ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் தமிழ்நாட்டுத் தலித் தலைவர் எம். சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டார். 1873இல் பூலே தம் சாதி எதிர்ப்பு அமைப்பான சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கியதும் ஒரு செப்டம்பர் 24தான்.

தம்மை எரிக்க வேண்டாம், வீட்டின் பின்புறம் உப்பிட்டுப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். குழியும் தோண்டி வைத்திருந்தார். குடியிருப்புப் பகுதி என்று நகராட்சி அனுமதிக்கவில்லை. 1876 முதல் சில வருஷம் அதே நகராட்சியில் உறுப்பினராக இருந்தவர் அவர். கொள்ளிச்சட்டியைச் சாவித்திரிபாய் தாமே ஏந்தி முன்னால் நடந்தார். பிறகு சாம்பலைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். துளசி மாடம் போல இருக்கும் அந்தச் சமாதியில்தான் அன்று பூக்கள் குவிந்திருந்தன.

புத்வார் பேட்டையில் பீடே வாடா என்று ஒன்று இருந்தது. 1848இல் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய வீடு. கீழே கடைகளும் மேலே ஒழுகும் கூரையுமாகப் பல வருஷம் வழக்கில் கிடந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 டிசம்பரில் நினைவகம் கட்டுவதற்காக இரவோடு இரவாக இடித்தார்கள். நினைவகம் வேண்டியதுதான். ஆனால் அந்தச் சிறுமிகள் ஏறிய படி எத்தனை குறுகல், அவர்கள் உட்கார்ந்த அறைக்குள் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை இனி எந்தப் பளிங்கும் சொல்லாது. கஞ்ச் பேட்டை வீடு மாநிலத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் தப்பித்தது. இதைச் சுற்றியும் விரிவாக்கத் திட்டம் இருக்கிறது. விரிக்கட்டும், வருகிறவர்களுக்கு நிற்க இடம் வேண்டும். ஆனால் வீட்டைவிட உயரமான வளைவு ஒன்றை முன்னால் வைத்துவிட வேண்டாம். தாழ்ந்த கூரை தாழ்ந்தே இருக்கட்டும். கிணறு, குடம் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கக்கூடிய கிணறாகவே இருக்கட்டும்.

திரும்பும்போது ஆட்டோ புத்வார் பேட்டை வழியாகத்தான் வந்தது. நெரிசலில் நின்று நின்று வந்தோம். நான் பீடே வாடா இருந்த இடத்தைக் காட்டினேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"செம்புக் குடமில்ல, மண் குடம். விளிம்புல கொஞ்சம் உடைஞ்சிருக்கும். எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள். பிறகு, லட்சுமி சாலை தாண்டியபின், "அவ பேரு மட்டும் வர மாட்டேங்குது."