காட்டாததைக் கண்டவர்கள்

அச்சத்தைக் காசு கொடுத்து வாங்கும் உயிர் மனிதன் ஒருவனே. மானும் முயலும் அச்சத்தினின்று தப்பியோடும். மனிதனோ வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கி, இருளில் அமர்ந்து, அது எப்போது வருமெனக் காத்திருக்கிறான். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினிடத்து அச்சம் பிறக்கும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். சினிமா பிறந்த நாள் முதலாக இந்நான்கையும் மாற்றி மாற்றி விற்று வருகிறது. ஆனால், 1970 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒருவகை மலிவுப் படங்கள் ஐந்தாவது சரக்கொன்றையும் கடைக்குக் கொண்டுவந்தன. காட்டுப்புறத்திலே, எவரும் போகாத பாதையின் முடிவிலே வாழும் ஏழை மனிதனே அச்சரக்கு.

இப்படங்களுக்கு ஓர் அச்சு உண்டு. நகரத்து இளைஞர் சிலர் வண்டியிற் புறப்படுவர். வழியிற் பெற்றோல் தீரும். அல்லது குறுக்குவழி ஒன்று ஆசை காட்டும். அப்பால் ஒரு பாழ்வீடு; அதனுள்ளே மனிதத்தன்மை மரத்துப்போன ஒரு குடும்பம். மிகுதியை நாம் கூற வேண்டியதில்லை. இவற்றைக் கற்றோர் பொருட்படுத்தவில்லை. பெரும்பாலானவை பொருட்படுத்தத் தக்கனவும் அல்ல. எனினும் ஒன்று மட்டும் அரை நூற்றாண்டு கடந்தும் பேசப்படுகிறது. 1974 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியான 'தி ரெக்சாஸ் செயின் சோ மசக்கர்' என்பதே அது. மரம் அரியும் சங்கிலி வாளைப் பெயரிலே தாங்கிய படம்.

இதனை நாம் தேடிச் சென்று பார்க்கவில்லை. சினிமாக் கலை பயிலும் எமது மருமகனார், "மாமா, பெயரைக் கண்டு ஒதுக்கிவிடாதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று பலநாள் வற்புறுத்தினார். அவர் மனங்கோணாதிருக்கவே உடன்பட்டோம்.

கதை மிகச் சிறியது. சாலி என்னும் பெண்ணும், சக்கர நாற்காலியிற் செல்லும் அவள் சகோதரன் பிராங்ளினும், நண்பர் மூவரும் பாட்டனாரின் கல்லறையையும் பழைய வீட்டையும் காணச் செல்கின்றனர். அயலிலுள்ள வீடொன்றில் ஆண்கள் நால்வரைக் கொண்ட குடும்பம் ஒன்று வாழ்கிறது. அவர்களுள் ஒருவன் மனிதத் தோலாற் செய்த முகமூடி அணிந்தவன். பொழுது சாய்ந்து மறுநாள் விடிவதற்குள் சாலி ஒருத்தி மாத்திரமே உயிர் தப்புகிறாள்.

படம் எடுக்கப்பட்ட வரலாறு படத்திலும் கொடிது. 1973 ஆம் ஆண்டுக் கோடையில், ரெக்சாஸ் மாநிலத்து றவுண்ட் றொக் என்னும் ஊர்ப்புறத்தில், ரோபி ஹூப்பர் என்னும் இளைஞர் இதனை இயக்கினார். கதையை அவரும் கிம் ஹெங்கலும் சேர்ந்து எழுதினர். பெரிய கம்பனிகள் கையாளும் படச்சுருளுக்கு வசதியில்லாமையால் 16 மில்லிமீற்றர் சுருளிலேயே படம் பிடித்தனர். முகமூடிக்காரனாக நடித்தவர் ஐஸ்லாந்திற் பிறந்த கன்னார் ஹான்சன். அவருக்கு இருந்தது ஒரேயொரு சோடி உடுப்பு. வெயிலிலும் வியர்வையிலும் துவைக்காமலே அதனை வாரக்கணக்கில் அணிந்தார். இரவு விருந்துக் காட்சியை ஒரு பகலும் இரவும் கடந்து ஓய்வின்றிப் பிடித்தனர். பாட்டனாக நடித்த இளைஞர் கிழவேட ஒப்பனையை இன்னொருமுறை பூசிக்கொள்ள மறுத்துவிட்டமையே அதற்குக் காரணம். சாளரங்களைக் கறுப்புத் துணியால் மூடி, விளக்குகளை எரியவிட்ட அவ்வறையில் மேசைமேல் இருந்த இறைச்சி அழுகி நாறியது. நடிகர்கள் வெளியே ஓடிச் சென்று வாந்தியெடுத்துத் திரும்பி வந்தனர். திரையில் நாம் காணும் சோர்வும் வெறுப்பும் முற்றிலும் நடிப்பல்ல என்க.

படம் முடிந்தபின் எமது விறாந்தையில் வாக்குவாதம் ஒன்று மூண்டது. மருமகனார் தம் தோழர் இருவரையும் அழைத்திருந்தார். "பெண்ணொருத்தியை இறைச்சிக் கொக்கியில் மாட்டினானே, கொக்கி உடலில் இறங்குவதைக் கண்டீர்களா?" என்று அவர் வினவினார். கண்டோம் என ஒருவர் சத்தியம் செய்தார். இரத்தம் வழிந்ததென மற்றவர் சாதித்தார். காட்சியை மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். கொக்கி இறங்குவது காட்டப்படவேயில்லை. அவளைத் தூக்குகிறான், அவள் முகம் தெரிகிறது, கீழே ஒரு தொட்டி தெரிகிறது. தொட்டி எதற்கு என்று எண்ணிய மறுகணமே எஞ்சியதைப் பார்ப்பவன் மனமே படம்பிடித்து முடித்துவிடுகிறது. தோழர் இருவரும் வாய்மூடினர். சங்கிலி வாளாற் கொல்லப்படுபவனும் ஒருவனே, அதுவும் இருளில். இரத்தத்தைக் குறைத்துக் காட்டினால், பெற்றோர் கருத்திற்கு விட்டுச் சிறுவரையும் அனுமதிக்கும் சான்றிதழ் கிடைக்குமென ஹூப்பர் நம்பியிருந்தார். கிடைத்ததோ கடுமையான சான்றிதழ்.

பிரித்தானியத் தணிக்கைச் சபையாரும் இவ்விடத்திலேதான் இடர்ப்பட்டனர். 1975 இல் அவர்கள் படத்திற்குச் சான்றிதழ் மறுத்தனர். இரண்டாண்டின் பின் சில பகுதிகளை வெட்டி நீக்கிப் பார்த்தனர், அதனாலும் பயனில்லை. கத்தரிக்கோல் படச்சுருளை வெட்டுமேயன்றிப் பார்ப்பவன் கற்பனையை வெட்டுமோ? ஈற்றில், 1999 இல், ஓரங்குலமும் வெட்டாமலே அனுமதித்தனர்.

காட்டாததைக் கண்ட மக்கள், காட்டியதைக் காணத் தவறினர் என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது.

இப்படத்தின் தொடக்கத்தில், இது நிகழ்ந்த சம்பவம் என்னும் தொனியிற் கனத்த குரலொன்று முன்னுரை வாசிக்கிறது. 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18 எனத் திகதியும் கூறப்படுகிறது. கொலைகள் நிகழ்ந்ததாகக் கூறும் அக்கோடையில் நிகழ்ந்தது படப்பிடிப்பு மாத்திரமே. விஸ்கொன்சின் மாநிலத்தில் 1957 இற் பிடிபட்ட எட் கீன் என்பவன் பிரேதக்குழிகளைத் தோண்டி, தோலாலும் எலும்பாலும் பொருள்கள் செய்து வைத்திருந்தான். அச்செய்தியே படத்திற்கு வித்து. அங்கே ரெக்சாசும் இல்லை. சங்கிலி வாளும் இல்லை. கொலைகாரக் குடும்பமும் இல்லை. வியட்நாம் போர், வோட்டர்கேட் ஊழல் ஆகியவற்றில் அரசாங்கம் மக்களுக்குச் சொன்ன பொய்களுக்கு மறுமொழியாகவே தாம் இப்பொய்யைச் சொன்னதாக ஹூப்பர் பிற்காலத்தில் விளக்கினார். தொல்காப்பியர் கூறிய 'இறை' இங்கே எட்டிப் பார்க்கிறது. ஆயினும், பொய்க்கு மறுமொழி பொய்தானா என்னும் வினா எமக்குத் தீரவில்லை. உண்மைக் கதையென நம்பிய மக்கள் பலர் இன்றும் உளர்.

மெய்யோ வேறோரிடத்திற் கிடக்கிறது. படம் தொடங்கிச் சிறிது நேரத்தில், வழியில் ஏற்றிய அந்நியன் ஒருவனுடன் இளைஞர்கள் மாடறுக்கும் தொழிற்சாலையைப் பற்றிப் பேசுகின்றனர். முன்பு மாடுகளைச் சம்மட்டியால் அடித்து வீழ்த்தினர். இப்போது காற்றுத் துப்பாக்கி வந்துவிட்டது. புதிய முறை நன்றென்று இளைஞர் எண்ண, அந்நியன் மறுக்கிறான். அதனாற் பலர் வேலை இழந்தனர் என்கிறான். அவன் பாட்டன் முதலாக அக்குடும்பத்தின் தொழில் அதுவே. பின்னர், அக்குடும்பத்து மூத்தவன் ஒருவன், கட்டிவந்த பெண்ணை வண்டியில் விட்டு, கடை விளக்கை அணைக்கத் திரும்பிப் போகிறான். மின்சாரச் செலவே கடையை மூடச்செய்துவிடும் என்று முறையிடுகிறான். அரக்கனுக்கும் மின்சாரக் கட்டணம் வருகிறது! விருந்து மேசையில், முன்னாளில் மாடு வீழ்த்துவதிற் பேர்பெற்ற பாட்டனின் கையிற் சம்மட்டியைக் கொடுக்கின்றனர். தளர்ந்த கையிலிருந்து அது மீண்டும் மீண்டும் நழுவி விழுகிறது. பேரரோ பெருமையோடு ஆரவாரிக்கின்றனர். வேண்டாததாகிப்போன ஒரு தொழிலின் பிதுரார்ச்சிதப் பெருமை அக்காட்சியில் அழுகிக் கிடக்கிறது.

வேலையிழந்தவன் கொலைஞனாவான் என நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது, வேலையிழந்தும் நேர்மையிழவாத கோடானுகோடி மனிதருக்கு இழைக்கும் அநீதி. காட்டுப்புறப் பயங்கரப் படங்களின் பெருங்குற்றமும் அதுவே. நாட்டுப்புறத்து ஏழையின் பல்லையும் பேச்சையும் கந்தையையும் காட்டி, 'இவனுக்கு அஞ்சு' என்று நகரத்தானுக்குக் கற்பிக்கின்றன. இந்தப் படமும் அக்குற்றத்தினின்று முற்றாகத் தப்பவில்லை. ஆனால், அவ்வீட்டாருக்கு ஒரு தொழில் இருந்ததென்றும், அது எவ்வாறு பறிபோயிற்றென்றும் கேட்க இது ஒரு நிமிடம் தரித்து நின்றது. பின்வந்த போலிகளுட் பல முகமூடியை எடுத்துக்கொண்டன, தொழிலை மறந்துவிட்டன.

இதில் இன்னுமொரு கசப்பு உண்டு. அமெரிக்காவில் மாத்திரம் மூன்று கோடி டொலருக்கு மேல் இப்படம் ஈட்டியது. பணம் குறைவாயிருந்தமையாற் கூலியின் ஒரு பகுதிக்கு ஈடாக இலாபத்திற் பங்கு தருவதாகக் கூறியே பலரையும் வேலைக்கு அமர்த்தியிருந்தனர். பங்குக் கணக்கு அவர்களை வந்தடைந்தபோது எஞ்சியிருந்தது சொற்பமே. விநியோகக் கம்பனியின்மேல் வழக்குத் தொடுத்தனர். கம்பனியும் முறிந்து போயிற்று. உழைப்புப் பறிபோன குடும்பத்தின் கதையைச் சொன்னவர்களின் உழைப்பும் பறிபோயிற்று.

நியூயோர்க் நவீன கலைக்கூடம் தன் சேகரத்தில் இப்படத்தைச் சேர்த்தது. 2024 இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது இடம்பெற்றது. அந்தக் கொலைவீடாக நடித்த மரவீட்டை 1998 இற் கழற்றிச் சென்று, கிங்ஸ்லாந்து என்னும் ஊரில் மறுபடி பூட்டி உணவுச்சாலையாக்கினர். காலம் எதனையும் செரித்துக்கொள்கிறது!

இது சிறுவர் காணத்தக்க படமன்று. மனம் மெலிந்தோரும் இதனைத் தவிர்ப்பதே நன்று. காண விரும்பும் வளர்ந்த மாணவர்க்கு ஒன்று கூறுவோம். வாள் இரையும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாதகமில்லை. வண்டிக்குள் அந்த அந்நியன் பேசும்போது மாத்திரம் காதை மூடாதீர்கள்.