ஏழாம் எண் கடற்கரையும் மற்றவையும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கடற்கரைகளுக்கு எண் உண்டு. மூன்றாம் எண், ஐந்தாம் எண், ஏழாம் எண் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் காடு திருத்தி உருவாக்கிய தீவு இது. எண்ணோடு சேர்ந்த ஊர்ப்பெயர்களில் வங்காள வைணவம் மணக்கிறது: கோவிந்தநகர், கிருஷ்ணநகர், ராதாநகர். 2018 டிசம்பரில் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சு வழக்கில் பழைய பெயர்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஏழாம் எண் என்பது ராதாநகர். 2004இல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதிலிருந்து இதற்கு மவுசு. 2020இல் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. பட்டங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது அசாதாரணமான இடம்தான். சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு மாவு போன்ற வெண்மணல். அந்த மணல் வரைக்கும் வந்து நிற்கும் நெடிய மரங்கள். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கட்டடம்கூடக் கண்ணில் படாத நீண்ட பகுதிகள். மெரினாவையும் ஜுஹுவையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும்.

மேற்கு நோக்கிய கரை என்பதால் சூரிய அஸ்தமனத்துக்கு எல்லோரும் இங்கே கூடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை. துவாரகையில் கடிகாரம் காட்டும் நேரம்தான் இங்கும். ஆனால் சூரியன் அதற்குக் கட்டுப்படுவதில்லை. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். பகல் தூக்கம் போட்டுவிட்டு ஐந்தரைக்கு வருபவர்கள் இருட்டைத்தான் படம் பிடிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை விளையாட்டல்ல. ராதாநகரை ஒட்டிய நீல்ஸ் கோவ் என்ற அழகான சிறு குடாவில் 2010இல் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. உப்புநீர் முதலைகள் சதுப்புநிலக் கால்வாய்களிலிருந்து கடலுக்குள்ளும் நீந்தும். போர்ட் பிளேருக்கு அருகே வண்டூரிலும் இந்த அபாயம் உண்டு. அறிவிப்புப் பலகை 'இறங்காதே' என்றால் இறங்காமல் இருப்பதே நல்லது.

கிழக்குப் பக்கத்தின் ஐந்தாம் எண் கரை, அதாவது விஜயநகர், நீந்த வருபவர்களை ஏமாற்றும். கடல் உள்வாங்கும்போது வெகுதூரத்துக்குப் பாறையும் இறந்த பவளமும் மட்டுமே. ஆனால் விடியலுக்கு இதை மிஞ்ச ஏழாம் எண்ணால் ஆகாது. மணல் ஈக்கள் கடிக்கும். மறக்காமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

பவளப்பாறைகளைப் பார்க்க எலிஃபன்ட் கடற்கரைக்குப் படகில் அழைத்துப் போகிறார்கள். கரையில் வேரோடு சாய்ந்து வெளுத்த பெருமரங்கள் காட்சிக்கு அழகாகத்தான் இருக்கின்றன. அடியில் கதை வேறு. 2010 கோடையில் கடல்நீர் வெப்பம் ஏறியபோது அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளிறின. அதில் உயிர் பிழைத்தவற்றின் மேல் இன்று நம் பயணிகள் கால் ஊன்றி நிற்கிறார்கள். படகோட்டி தடுத்தால் கோபிக்கிறார்கள். நினைவுக்கென்று சிப்பி, பவளத் துண்டு பொறுக்குவதும் குற்றம். விமான நிலையத்தில் பையைக் கிளறி எடுத்துவிடுவார்கள்.

நீல் தீவு சின்னது, சாவதானமானது. அந்தமானின் காய்கறித் தோட்டம் என்றே இதற்குப் பெயர். இங்கே கடற்கரைகள் ராமாயணத்திலிருந்து வந்தவை. கிழக்கே சீதாபூரில் சூரியன் உதிக்கும், மேற்கே லக்ஷ்மண்பூரில் மறையும். படகுத் துறைக்குப் பக்கத்தில் பரத்பூர், குளம் போல் ஆழமற்ற கடல். குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஹேவ்லாக்கைவிட இதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

வடக்கே திக்லிபூர் வரை போகிறவர்கள் குறைவு. அங்கே ராஸ், ஸ்மித் என்ற இரு தீவுகளை ஒரு மணல் திட்டு இணைக்கிறது. கடல் ஏறினால் திட்டு மூழ்கும். இந்த ராஸ், போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் அல்ல. அருகே காளிபூரில் பேராமை, அலுங்காமை, பங்குனியாமை, ஏழுவரி ஆமை என நால்வகை ஆமைகளும் முட்டையிட வருகின்றன.

ஏழுவரி ஆமைகளுக்கு முக்கியமான கரையோ தெற்குக் கோடியில், பெரிய நிகோபார் தீவின் கலாத்தியா விரிகுடாவில். நினைத்தவுடன் பெட்டி கட்டிக்கொண்டு போகிற இடமல்ல அது. 2004 சுனாமி அந்தக் கரையையே விழுங்கியது. தீவின் தென்முனை சில மீட்டர் கீழே இறங்கிப்போனது. பிறகு மெல்ல மணல் சேர்ந்தது, ஆமைகளும் திரும்பின. 2021 ஜனவரியில் அங்கிருந்த சரணாலயத்தின் அறிவிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரம் அடங்கிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. ஆமைகளுக்கு இடம் விடப்படும் என்கிறது அரசு. சூழலியலாளர்கள் நம்பவில்லை. குறுகலான விரிகுடா வாயில் கப்பலுக்கும் ஆமைக்கும் ஒரே வழி என்பதுதான் அவர்கள் வாதம்.

போக நல்ல காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மொழிக் கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்து இங்கே அதிகம் பேசப்படுவது தமிழ். சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள்.