லயத்தின் பின்னால் ஒரு கரட் பாத்தி

அட்டனில் காலை இரயிலேறினோம். சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து கொட்டகலை, தலவாக்கலை, கிரேட் வெஸ்டர்ன் என வண்டி மெல்ல மெல்ல மேலேறியது. இருமருங்கும் தேயிலை. மலையகம் செல்வோர் அப்பசுமையைக் கண்டு வியந்து திரும்புவதே வழக்கம். ஆயின் இம்முறை நம் கண்கள் லயங்களின் பின்புறத்தையே நாடின. அங்கே வாய்க்காலுக்கும் வேலிக்கும் இடையே, இரண்டு பாய் விரிக்கும் அளவான நிலத்தில், கரட்டும் பீட்ரூட்டும் லீக்ஸும் தலைநீட்டி நின்றன.

கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டளவில் பண்ணை அமைத்தார். அவரைப் போன்றோர் தம் நாட்டு மரக்கறிகளை இக்குளிர் மண்ணில் பயிரிடலாயினர். இன்று அவை நம் சமையலறைப் பொருள்களாகிவிட்டன.

நானுஓயாவில் இறங்கி, அண்மையிலுள்ள தோட்டமொன்றுக்கு நடந்தோம். லயத்தின் பின்னால் மூதாட்டி ஒருவர் மண்ணைக் கையால் பொடித்துக்கொண்டிருந்தார். நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

“கரட் நடுகிறீர்களா, அம்மா?” என்றோம்.

“நடக்கூடாதுங்க ஐயா, விதைக்கணும். நாத்தைப் பிடுங்கி நட்டா கிழங்கு கோணிப் போகும்” என்றார்.

பொடிபோன்ற விதையை மணலுடன் கலந்து, விரலால் கீறிய கோடுகளில் தூவினார். மெல்லிய மண்ணால் மூடி, மானாப்புல்லைப் பரப்பினார். முளைவிட ஒரு வாரம் முதல் மூன்று வாரம்வரை செல்லுமாம். முளை கண்டதும் புல்லை நீக்கவேண்டும். நெருங்கி வளர்ந்தவற்றைக் களைந்து, இரண்டங்குல இடைவெளி விடவேண்டும். கல் தட்டுப்பட்டாலும், மக்காத சாணமிட்டாலும் கிழங்கு இரண்டாகப் பிளந்துவிடும். மண்ணுக்கு வெளியே தோள் தெரிந்தால் பச்சை நிறமேறும். ஆகையால் மண் அணைக்கவேண்டும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அறுவடை.

“விதையை நீங்களே எடுப்பதுண்டா?”

“இல்லைங்க. கடையிலதான் பைக்கட்டு வாங்குறோம். பூக்கவிட்டா பாத்தியை ரொம்ப நாள் சும்மா விடணுமே.”

கரட் ஈராண்டுப் பயிர். முதலாண்டில் வேரைப் பருக்கவைத்து, நெடுங்குளிரைக் கண்ட பின்னரே பூத்து விதை தரும். நாமோ பூக்குமுன் பிடுங்கிவிடுகிறோம்.

2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், மறு ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் எட்டா விலைக்கு ஏறியதையும் வாசகர் மறந்திரார். அந்நாள்களில் இச்சிறு பாத்தியே பேரப்பிள்ளைகளின் கறிச்சட்டியைக் காத்ததென்று கூறியபோது, அம்மூதாட்டியின் முகத்தில் பெருமிதம் தெரிந்தது.

“அப்படியானால் இன்னுஞ் சற்று அகலமாக வெட்டலாமே?” என்று அறியாமற் கேட்டுவிட்டோம்.

அவர் சிரித்தார். “நிலம் நமக்குச் சொந்தமில்லீங்களே. தோட்டத்தில கேட்டா விட்டுத்தானே ஆகணும்?”

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமையற்றோராயினர். எஞ்சியோருக்கு அக்குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நீங்கியது. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோர் காணியுரிமையையும் கேட்டனர். சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்துள்ளன. லயக் காம்பராக்களில் காத்திருப்போரோ இன்னும் பலர்.

விடைபெறுகையில், முற்றிய பாத்தியிலிருந்து நான்கு கரட்டுகளைப் பிடுங்கி, வாய்க்கால் நீரில் அலசித் தந்தார். காசு நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார். வண்டியில் ஒன்றைக் கடித்தோம், இனித்தது. சொந்தமில்லாத மண்ணிலேயே இத்துணை இனிமை விளைவித்த அக்கைகளுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாய்க்குமாயின், அவர் ஒரு பாத்தியையேனும் பூக்க விட்டுப் பார்ப்பாரன்றோ!