சிகரத்தை விலைக்கு வாங்கியவர்

நிலம் வாங்குவோர் உண்டு. வீடு வாங்குவோர் உண்டு. மலையின் உச்சியைக் கிரயத்துக்கு வாங்கிய மனிதரைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டதுண்டோ? யாகோப் அல்யாஷ் என்ற பாதிரியார்தாம் அவர். நான் பூகோளம் போதிக்கும் உபாத்தியாயன். தேசங்களின் சரித்திரத்தில் இவ்வளவு சாதுவான போராட்டத்தை நான் அதிகம் படித்ததில்லை.

ஆல்ப்ஸ் மலைத்தொடரில், ஸ்லோவேனியா தேசத்தின் மிக உயர்ந்த சிகரம் திரிக்லாவ். உயரம் 2,864 மீட்டர். 'மூன்று தலை' என்பது பெயரின் பொருள். 1895-ல் அந்நாடு ஆஸ்திரிய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்தது. மலைப் பாதைகளிலே ஜெர்மன் பாஷைப் பலகைகள் பெருகி வந்தன. மலையடிவாரத்துத் தோவ்யே கிராமத்தில் குருவாயிருந்த அல்யாஷ் இதைக் கண்டு யாரையும் வையவில்லை. ஊராட்சியிடமிருந்து, சிகரத்தின் உச்சியில் ஒரு சிறு அறை அளவு நிலத்தைச் சொற்ப விலைக்கு வாங்கினார். உலோகத் தகட்டினால் உருண்டையான சிறு கோபுரம் ஒன்று செய்வித்தார். சுமையாட்கள் அதைப் பகுதி பகுதியாக மேலே கொண்டு சென்றனர். ஆகஸ்டு 7-ந் தேதி அது உச்சியில் நின்றது. புயலில் சிக்கியவர் சிலர் அதனுள் ஒதுங்கலாம். பிறகு அவர் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவுமில்லை. ஸ்லோவேனிய மலையேறுவோர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊரில், ஒரு முழ வரப்புக்காக அண்ணன் தம்பிகள் ஆயுள் முழுதும் பேசாதிருப்பதைக் கண்டிருக்கிறேன். நாம் நிலம் வாங்குவது பிறர் கால் வைக்காதிருப்பதற்காக. அவர் வாங்கியதோ தம் ஜனங்கள் எல்லாரும் கால் வைப்பதற்காக!

அவ்விதமே நடந்தது. ஆயுளில் ஒரு முறையேனும் திரிக்லாவில் ஏறவேண்டும் என்பது ஸ்லோவேனியர் கொள்கை. முதன்முறை ஏறியவருக்கு உச்சியில் கயிற்றால் விளையாட்டாக அடியும் கிடைக்கும்! 1924-ல் அம்மலையின் ஏரிப் பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்டது. 1981-ல் அது பெரிய தேசியப் பூங்காவாக விரிந்தது. 1991-ல் சுதந்திரம் பெற்ற தேசம் தன் கொடியிலும் அச்சிகரத்தைப் பொறித்துக்கொண்டது.

ஆனால் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பனியாறு இருந்தது. அல்யாஷ் காலத்தில் விசாலமாய்ப் பரந்திருந்த அது, இன்று சிறு பனித் திட்டாய்க் குறுகிவிட்டது. உலகின் உஷ்ணம் ஏறுவதே காரணம். வகுப்பில் இதைச் சொன்னபோது, "அந்தப் பனியை யாரிடம் ஸார் வாங்குவது?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"அடுப்பும் மோட்டாரும் எரிக்கும் எல்லாரிடமும்தான், அம்மா" என்றேன்.

சிகரத்தை மீட்க ஒரு பத்திரம் போதுமாயிருந்தது. பூங்காவின் எல்லைக்கல்லோ வெயிலைத் தடுக்காது. இம்முறை விலை கொடுக்க வேண்டியவர் ஒரு பாதிரியார் அல்லர், நாம் அனைவருமே.