நாணமும் நீரும்

நாணத்தை ஈமானின் கிளையெனப் போற்றும் குடும்பங்கள் நம்முடையவை. ஆயினும், கேட்டறிய வேண்டியதைக் கேட்கவிடாமல் தடுக்கும் நாணம் வேறு வகையைச் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. கனவினால் பெண்ணுக்கும் குளிப்புக் கடமையாகுமா என்று உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் வினவினார்கள், விடையும் பெற்றார்கள்.

என் உறவில் ஒரு பெண். மணமான நான்கு மாதங்களுக்குள் மூன்று முறை நீர்க்கடுப்பு. கூட்டுக் குடும்பம், குளியலறையோ கொல்லைப்புறத்தில். மாமனார் படுத்துறங்கும் தாழ்வாரத்தைக் கடந்துதான் அங்கே செல்ல வேண்டும். கதவு திறக்கும் ஓசைக்கு அஞ்சி, ஸுபுஹு வரை சிறுநீரை அடக்கியே கிடந்திருக்கிறாள். போதாததற்குப் பகலில் தண்ணீர் அருந்துவதையும் குறைத்துக் கொண்டாளாம்! மூன்றாம் முறை குளிர்காய்ச்சலும் விலாவலியும் கண்ட பின்னரே விஷயம் வெளிவந்தது. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டிருந்தது. “இதையெல்லாம் யாரிடம் சொல்வது, மாமி?” என்றாள்.

சிகிச்சை அளித்த பெண் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பெண்களின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. மலவாயை அடுத்து வாழும் கிருமிகள் உறவின்போது எளிதில் அதனுள் புகுந்துவிடும். பின்னர் தாமதியாமல் சிறுநீர் கழித்தால் அவற்றுட் பல வெளியேற வாய்ப்புண்டு. கழுவுங்கால் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். வெளிப்புறத்திற்கு வெறும் நீரே போதும். சோப்பையோ கிருமிநாசினியையோ கொண்டு உட்புறத்தைக் கழுவினால், அங்கே இயல்பாக இருந்து காக்கும் நுண்ணுயிர்கள் அழிந்து நோய்க்கே வழியாகும். சுத்தத்தில் வஸ்வாஸ் கொண்ட நம் பெண்கள் சிலர் இதைக் கவனிக்க வேண்டும். கணவரும் முன்னதாகவே தம்மைக் கழுவிக் கொள்வது நன்று.

குளிப்பின் விஷயத்தில் மார்க்கம் எவ்வளவு இலகுவானது! நள்ளிரவிலேயே முழுகியாக வேண்டுமென்பதில்லை. மறைவிடத்தைக் கழுவி, ஒளுச் செய்து உறங்கலாம். தொழுகை தவறாதபடி முழுகிக் கொண்டால் போதும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ அளவு, அதாவது ஏறக்குறைய 3 லிட்டர் நீரில் குளித்திருக்கிறார்கள். இக்கால வாளியில் கால் பங்குகூட இராது.

மருந்தால் அப்பெண் நலமடைந்தாள். அடுத்த மாதமே அவ்வீட்டில் படுக்கையறையை ஒட்டிச் சிறு குளியலறை ஒன்று எழுந்தது. மாமியாரே முன்னின்று கட்டுவித்தார்; காரணத்தை மட்டும் எவரிடமும் சொல்லவில்லை.